கன்பூசிய அறிஞரின் நாளும் என் நாளும்

எழுபதுகளின் நடுவில் கிளேட்டனிலுள்ள பல்கலைக்கழகத்தில் என்னோடு வேலை செய்த மலேசியச் சீன நண்பர், ஓய்வு நேரங்களில் பழைய கன்பூசிய அறிஞர் ஒருவரின் சாதகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்குக்கும் சீன முறையில் தனித்தனி எழுத்துகள் உண்டு. அவற்றை வைத்தே, அந்த அறிஞர் பதவி பெற்றதையும், அரசனுக்குப் புத்தி சொல்லி நாடுகடத்தப்பட்டதையும், நாற்பத்தேழு வயதில் வழியிலேயே இறந்ததையும் விளக்குவார்.

ஒருநாள் விளையாட்டாக என் சாதகத்திலிருந்த திகதியையும் நேரத்தையும் கொடுத்தேன். நாளின் எழுத்துகளும் நேரத்தின் எழுத்துகளும் அறிஞருடையவையாகவே இருந்தன. நண்பர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அதன்பின் நெஞ்சில் சிறு குத்தல் வந்தாலும் நடுங்கினேன். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ரயிலில் போனேன். காப்புறுதிப் பத்திரங்களை நான் மேசையில் அடுக்குவதைக் கண்டு மனைவி என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"விடியமுன்னம் பிறந்த ஆளல்லோ நீங்கள்? சூரியன் உதிக்காட்டி எங்கட சாத்திரியார் முதல் நாளைத்தானே எழுதுவார். சீனருக்கும் அப்பிடியோ? படிச்ச மனுசன், இதைக்கூடக் கேக்கேல்லையே!"

மறுநாள் நண்பரிடம் கேட்டேன். சீனருக்கு நள்ளிரவையொட்டியே நாள் மாறிவிடுமாம். அவர் அடுத்த நாளை வைத்துத் திருத்திக் கணித்தார். நாள் மாறினால் நேரத்தின் எழுத்திலும் ஒன்று மாறுமாம்; இரண்டு இடங்களிலும் அறிஞரோடு இருந்த பொருத்தம் போய்விட்டது. எனக்கு மூச்சு வந்தது.

"இனி உங்கள் உண்மையான பலனைப் பார்ப்போம்" என்று அவர் மறுபடியும் பேனாவை எடுத்தார்.

வேண்டாம் என்றேன். அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.