பம்ப்பில் சத்தம் இல்லை

கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வாங்கி ஆய்வகத்தில் சேர்ப்பது அவள் வேலை. நர்சுகள் அவளை ‘ரத்தக்கா’ என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

கணவன் வேறொருத்தியோடு வாழப் போனபோது மின்சாரக் காரை இவளிடமே விட்டுவிட்டுப் போனான். அழுவாள் என்று நினைத்துத் தோழிகள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. காபி போட்டுக் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, ஐஸ் பெட்டிகளைக் கழுவப் போனாள்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம், மேம்பாலத்தில் கார் திணறியது. திரையில் சூடு கூடிவிட்டதாக எச்சரிக்கை. பக்கத்திலேயே ஒரு ஆமைப் படம். எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். ஓரங்கட்டி ஆறவைத்தாள். ஆமை மறைந்தது, அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் வந்தது.

ஒர்க்‌ஷாப்பில் அடுத்த மாதம்தான் இடம் என்றார்கள். கார் ஓடாவிட்டால் வேலை ஓடாது. தானே திறந்து பார்ப்பதென்று முடிவு செய்தாள். மின்சாரம் ஒன்றுதான் பயம். லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

அவனைச் சின்ன வயதிலிருந்தே குண்டு என்பார்கள். இப்போது ஆள் ஈர்க்குச்சி. அண்ணன் போன பிறகும் இவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். விடுமுறை நாள் காலையில் கருவிப் பையோடு அடித்தளப் பார்க்கிங்குக்கு வந்துவிட்டான்.

“அண்ணி, ஆரஞ்சு கலர் ஒயர் எதையும் தொடாதீங்க. ஆளையே தூக்கிடும். நம்ம வேலை லைட்டு, பம்ப்புக்கெல்லாம் கரண்ட் தர்ற சின்ன பேட்டரி பக்கம் மட்டும்தான்.”

“சரி. நீ சொல்லு, நான் செய்றேன்.”

“அப்ப நான் எதுக்கு?”

“டார்ச் பிடிக்க.”

சூட்டைத் தணிக்கும் கூலன்ட், தொட்டியில் அளவுக்கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. காரை ஆன் செய்து, கூலன்டைச் சுற்றவிடும் பம்ப்புக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். முனக வேண்டிய பம்ப்பில் சத்தமே இல்லை. காரை அணைத்து ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. பிறகு சின்ன பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டு, பம்ப்பின் பிளக்கை உருவினாள். பின்களில் பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. மேலே ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, ஒரு சொட்டு விழக் காத்திருந்தது.

“இங்க பாரு. மேல இருந்து சொட்டிச் சொட்டி பிளக்க அரிச்சிருக்கு. கூலன்ட் குறைஞ்சதும் இதனாலதான், பம்ப் நின்னதும் இதனாலதான்.”

“ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!” என்றான் குண்டு.

கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பின்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்குப் பையன் பொறந்திருக்கான். போன வாரம். வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான்...”

அவளுக்கும் கணவனுக்கும் குழந்தை இல்லை. வேண்டாம் என்றவன் அவன்தான்.

தேய்த்த கை நிற்கவில்லை.

“குழந்தை நல்லா இருக்கா?”

“இருக்கான்.”

“அம்மா?”

“அவங்களும் நல்லா இருக்காங்க.”

“டார்ச்ச கொஞ்சம் கீழ காட்டு.”

அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று அவளும் உள்ளுக்குள் பார்த்தாள். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் எடுக்கும் ரத்தம், தாளில் சொட்டாக உலர்ந்து உறையில் வரும். போன வாரம் அவள் கொண்டுபோன உறைகளில் அந்தக் குழந்தையுடையதும் இருந்திருக்கலாம். அந்த நினைப்பும் வந்த வழியே போய்விட்டது.

பிளக்கைத் திரும்பச் செருகி, குண்டு பையிலிருந்து எடுத்துக் கொடுத்த புதுக் கிளிப்பைக் குழாயில் மாட்டி இறுக்கினாள். கையேட்டில் சொன்ன கூலன்டை ஊற்றி, பேட்டரி ஒயரை மாட்டி, காரை ஆன் செய்தாள். பம்ப் களகளவென்று குமுறியது. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றான் குண்டு. காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியேற, தொட்டியில் அளவு இறங்கியது. திருகை மூடி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பம்ப் ஒரே சீராக முனகத் தொடங்கியது.

“ஒரு வார்த்த திட்டியாவது இருக்கலாம், அண்ணி.”

“உன்ன எதுக்குத் திட்டணும்?”

“அண்ணன சொன்னேன்.”

“அவரு இங்க இல்லையே.”

அவன் மூக்கை உறிஞ்சினான். “இனிமேலும் உங்கள அண்ணின்னு கூப்பிடலாம்ல?”

“பின்ன, மேடம்னா கூப்பிடப் போற?”

அவன் சிரித்தான். இருவரும் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். சூடு ஏறவில்லை. அந்தக் கோடை முழுக்க அதன் பிறகு கார் தொல்லை கொடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, அவனுக்கு முட்டை பொரித்து, ரொட்டியோடு வைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“அண்ணி, உப்பே போடல போல.”

அவள் தன் தட்டைப் பார்த்தாள். முக்கால்வாசி தீர்ந்திருந்தது. எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து அவன் பக்கம் வைத்தாள்.