புகையே விடாத பவுனம்மாள்

கீரைக்கட்டைக் கையில் கொடுக்கும் முன் பவுனம்மாள் வாங்குபவரின் காலைப் பார்க்கிறார். தேய்ந்த ஹவாய்ச் செருப்பு என்றால் கட்டு உடனே கைமாறும். ஷூ என்றால் விசாரணை உண்டு: "யாரு உன்ன அனுப்ச்சது?"

மணலி புதுநகருக்கு இப்பால், மூன்று பக்கமும் கன்டெய்னர் யார்டு சூழ்ந்த அறுபது சென்டில் முளைக்கீரை போடுகிறார். ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் பட்டியலில் ஒரு வயது. எது சரி என்று எந்த அரசாங்கத்துக்கும் அவர் காட்டிக்கொடுத்ததில்லை. போலியோ சொட்டு மருந்தோடு வந்த பெண்ணை முதலில் குடித்துக் காட்டச் சொன்னவர்.

காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்து நிலத்துக் கிருஷ்ணப்பனிடம் சும்மா விவரம் கேட்க வந்தவர்கள், காகிதத்தில் 'தரிசு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுவருஷம் அவருடைய வெண்டைக்காய் நின்ற இடத்தில் கன்டெய்னர் நின்றது.

2007 ஆடியில் அருள்பிரகாசம் என்ற இளைஞர் ஷூவோடு வரப்பில் இறங்கினார். விவசாயம் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கணக்கெடுப்பு. பவுனம்மாள் ஆயில் இன்ஜின் மேல் கோணியைப் போர்த்தினார். யூரியா சாக்கை விரித்து அமர்ந்தார்.

"டீசல் எவ்ளோ ஊத்துவீங்கம்மா?"

"டீசலா? லாரிக்குப் போடுவாங்களே, அதுவா நைனா?"

"யூரியா?"

"பேரே இப்பத்தான் காதுல வுழுது."

"காஞ்ச செடிய கொளுத்துவீங்களா?"

"பீடி பத்தவெச்சாலே எனக்கு மயக்கம் வரும்."

"மண்ணைப் புரட்டினாலே உள்ள இருக்கிற கரி காத்துல கலக்கும்மா."

"மண்ண நா தொட்டதே இல்ல." சொன்ன கையில் முழங்கை வரை சேறு. பிறகு அடிவானத்தில் நின்ற ஆலைப் புகைபோக்கிகளைக் காட்டினார். "தோ, நெட்டையா நாலு ஊதிகினு கீதே, அத்தக் கேட்டியா?"

"அது வேற ஃபாரம்மா. ஆனா யூரியா செய்யறப்ப வர்ற புகையில உங்களுக்கும் பங்கு இருக்கு."

"பங்கா! லாபத்துல இன்னா பங்கு குட்த்தான்?"

அருள்பிரகாசம் நேர்மையானவர், சொன்னதை அப்படியே நம்பினார். டீசல் இல்லை, உரம் இல்லை, உழவு இல்லை. கடைசிக் கட்டத்தை நிரப்பி வாய்விட்டுப் படித்தார்: "சாகுபடி இல்லை. தரிசு."

பவுனம்மாள் எழுந்தார். கோணி பறந்தது. கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றியதும் இன்ஜின் இருமிக்கொண்டு கறுப்பாகக் கக்கியது.

"எய்து! டீசல் டெய்லி ரெண்டு லிட்டர். யூரியா, தோ குந்திகினு இருந்தேனே, அதான். மாசம் ரெண்டு தபா கொளுத்துறேன். நல்லா எய்து, கஸ்மாலம்! தரிசாம்ல!"

அருள்பிரகாசம் அடித்துத் திருத்தினார். கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினார். பவுனம்மாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறும் முன்பே புகைக்குழாய்க்குள் கட்டை விரலை விட்டுத் துழாவி, வந்த கரியைப் படிவத்தின் மேல் வைத்து அழுத்தினார்.