ராகு காலத்துக்குப் பயந்து தவறவிட்ட பரீட்சை

அந்தக் கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னிடம் ஒரு கேள்வி கேட்கும். "நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?" இருக்கிறேன் என்று உடனே பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போச்சு, அந்தப் பாடம் முழுவதும் மறுபடி முதலிலிருந்து ஓடும். இருக்காமல் எங்கே போவேன்? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டரில், பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பு கழன்றுபோக உட்கார்ந்திருக்கிறேன். இதில் விசாரணை வேறு.

1993-ல் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, அஞ்சல் வழியில் பி.காம். முடித்து, திண்டிவனத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் சேர்ந்தவள் நான். கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சேமிப்புத் திட்டங்களைப் புரியும்படி சொல்வது என் வேலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவருக்கு விதைப்பு நேரத்தில் பணம் கைக்கு வர வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவருக்கு வேறு கணக்கு. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் விற்க வரும் ஒரு அக்கா, வியாபாரம் முடிந்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவார். "எங்க கையெழுத்து போடணும், காட்டு" என்பார். படிக்காமல் போடாதீங்க அக்கா என்றால், "அதான் நீ படிச்சிட்டியே" என்பார். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அவர் வீட்டுப் படகு கரையேறிவிடும். அந்த நாட்களில் அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் வருஷம் முழுக்கச் சேர்ப்பார். எப்போது கேட்டாலும் எடுக்கக்கூடிய திட்டத்தில்தான் அவர் பணத்தை நான் போட்டுவைப்பேன்.

இப்படிப் பத்தொன்பது வருஷம் ஓடிய பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிமேல் திட்டங்களைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்கள் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம். ஆன்லைனில் ஐம்பது மணி நேரப் பயிற்சி, பிறகு கம்ப்யூட்டரில் தேர்வு. ஆகஸ்ட் முடிவதற்குள் பாஸ் பண்ணாவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம். அதுவரை ஃபாரம் எடுத்துக் கொடுக்கலாம், முத்திரை குத்தலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசுவதுதானே என் வேலை!

சரி, படித்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தால் கரண்ட் விடுமா? அந்த வருஷம் எங்கள் ஊரில் மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிடப் பாடத்தில் முப்பத்தெட்டாவது நிமிடம் பட்டென்று இருட்டிவிடும். வட்டி கணக்கிடுவது எப்படி என்ற ஒரு பாடத்தை மட்டும் நான் ஐந்து முறை கேட்டேன். அந்தப் பாடத்தை நானே எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன்.

சென்டர் நடத்துகிறவருக்கே என்னைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்குக்கா இந்த பேஜாரு? ஐடி, பாஸ்வேர்டு எய்திக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ. நான் கிளிக் பண்ணிக்கினு இருக்கேன். உங்க ஆபீசு தம்பி அப்டித்தான் குடுத்துட்டுப் போனாரு" என்றார். உண்மைதான். எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அவருக்காக இவர், டீயைக் குடித்துக்கொண்டே, இருக்கிறேன் இருக்கிறேன் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் படிப்பை இன்னொருத்தர் படிக்க நான் என்ன செத்தா போய்விட்டேன்? ஐம்பது மணி நேரத்தையும் நானே உட்கார்ந்து முடித்தேன்.

அடுத்தது தேர்வுக்கு நாள் குறிப்பது. என் வீட்டுக்காரரும் கூட வந்தார். நாள்காட்டி பார்க்காமல் நகம்கூட வெட்ட மாட்டார் அவர். விழுப்புரம் மையத்தில் மூன்று இடங்கள்தான் காலியாக இருந்தன. செவ்வாய் மாலை மூன்று மணி, வெள்ளி காலை பத்தரை, மாதத்தின் கடைசி ஞாயிறு காலை பத்து.

"செவ்வா மூணு மணி ராகு காலம். வெள்ளி பத்தரையும் ராகு காலம். ஞாயித்துக்கெழம வளர்பிற முகூர்த்தம். கண்ண மூடிக்கினு அத போடு" என்றார்.

"பரீட்ச எழுதப் போறேன்ங்க, தாலி கட்டிக்கப் போகல. கடைசி நாளு வேற. எதுனா ஆச்சுன்னா அடுத்த நாள் இல்ல" என்று கத்தினேன். சென்டரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப உன் இஷ்டம்" என்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மவுஸ் என் கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மேல் கொண்டுபோய் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பயம் வந்துவிட்டது. ஒருவேளை ஃபெயிலாகிவிட்டால், சொன்னேனே கேட்டியா என்று ஆயுசுக்கும் சொல்வாரே! ஞாயிற்றுக்கிழமையை அமுக்கினேன். இன்றுவரை எல்லோரிடமும் அவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமுக்கியது என் விரல்.

நல்ல முகூர்த்தம் எனக்கு மட்டுமா நல்ல முகூர்த்தம்? அந்த ஞாயிறு காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஊரே பட்டுப்புடவையில் நின்றது. மூன்று பஸ் என்னையும் வீட்டுக்காரரையும் ஏற்றாமலே போயின. நாலாவதில் தொற்றிக்கொண்டோம். யாருடைய சீர்வரிசைத் தட்டோ என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு மண்டபத்து வாசலில் வேன்கள் குறுக்கே நிற்க, பஸ் இருபது நிமிடம் அசையவில்லை. விழுப்புரத்தில் இறங்கினால் ஷேர் ஆட்டோ எல்லாம் கல்யாணத்துக்குப் பேசி ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரிக்குப் பாதி தூரம் நடந்தோம், பாதி தூரம் ஓடினோம். ஒன்பதரைக்குக் கேட்டை மூடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது முப்பத்தேழு.

காவலாளியிடம் கெஞ்சினேன். "உள்ள சிஸ்டம் லாக் ஆயிடுச்சும்மா. நான் இன்னா பண்றது? நானே ரெண்டு கல்யாணத்த வுட்டுட்டு வந்து நிக்கிறேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அங்கேயே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சாலையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு, "டிபன் சாப்ட்டுப் போலாமா?" என்றார். அன்று நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் பசித்தது, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாளிலிருந்து என் நாற்காலி கவுண்டரிலிருந்து நாலடி தள்ளிப் போயிற்று. அந்த இளைஞர் கேள்வித் தொகுப்பு ஒன்றை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணிவிட்டார், என் இடத்தில் உட்கார்ந்தார். கெட்ட பையன் இல்லை. கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பார், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் நான் இரண்டு முறை வாய் திறந்தேன். மேலாளர் கூப்பிட்டு, தணிக்கைக்கு வருகிறவர் காதில் விழுந்தால் என் வேலையோடு தன் வேலையும் போகும் என்று எச்சரித்தார்.

கார்த்திகையில் மீன்கார அக்கா வந்தார். வழக்கம்போல் நேராக என்னிடம் வந்து, பழைய திட்டம் முடிந்ததை எதில் போடலாம் என்று கேட்டார். "அவரக் கேளுங்கக்கா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அங்கே போனார். இளைஞர் அதிக வட்டி தரும் ஐந்து வருஷத் திட்டம் ஒன்றைச் சொன்னார். நடுவில் எடுக்க முடியாது என்பதையும் சொன்னார், சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பாடத்தில் இருந்த அதே வேகத்தில் சொன்னார். அக்கா தலையைத் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். மேலாளர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் குனிந்து முத்திரை மையைத் தேடினேன். ஃபாரம் என்னிடம் வந்தது. முத்திரை குத்தினேன்.

மாசியில் அடுத்த வாய்ப்பு வந்தது. வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை மூன்று மணி, சுத்தமான ராகு காலமாகப் பார்த்துப் பதிந்தேன். பஸ் காலியாக இருந்தது. முதல் தடவையிலேயே பாஸ். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு என் தலைக்கு மேல் மாட்டினார்கள். நாற்காலியும் பழைய இடத்துக்கு வந்தது.

சித்திரையில், தடைக்காலம் தொடங்கிய வாரத்தில், அக்கா வந்தார். மீன் கூடை இல்லை. பணம் எடுக்க வேண்டும் என்று பத்திரத்தை நீட்டினார். இன்னும் நாலரை வருஷம் ஆகும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ பக்கத்துலதான குந்திக்கினு இருந்த? அக்கா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அப்ப என்கிட்ட சர்டிபிகேட்டு இல்லக்கா. பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னால பத்தொம்பது வருசம் எங்கிட்ட பேசினியே, அப்ப மட்டும் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.