அங்காயியின் வாயைக் கட்டச் சொல்லி நான் செய்த பிரார்த்தனை

செட்டிகுளம் முருகன் மலையில் நின்று நான் கேட்ட ஒரு வரத்தால் ஒரு தாய் இருபத்திரண்டு நாள் ஊமையாக இருந்தாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லத் தைரியம் இருக்குமோ இருக்காதோ.

நம் கிருத்திகைக் கூட்டத்தில் இதுவரை அனுபவம் சொன்ன அன்பர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவர்கள். ஒருவருக்குக் கண் வந்தது. ஒருவருக்குக் காணாமல் போன காளை வந்தது. நிமிர்ந்து நின்று சொன்னார்கள். நான் மட்டும் நம் கூட்டத்துப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன் என்று தள்ளிப்போட்டதற்குக் காரணம், எழுதும்போது எதிரில் யார் முகமும் இருக்காது என்பதுதான்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். குன்னத்துக்குக் கிழக்கே, பஸ் எட்டிப் பார்க்காத ஓர் ஊரில் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடம் என்றால் ஒரு கூரை, ஒரு கரும்பலகை, ஒரு நான். முப்பது பிள்ளைகளாவது படித்தால்தான் சர்க்கார் அங்கீகாரம் நிற்கும். படித்தது பதினெட்டு. வருகைப் பதிவேட்டில் இருந்தது முப்பத்துநான்கு. மீதிப் பதினாறு பேர் என் சொந்தப் படைப்பு. கொழும்புக்குப் போய்விட்ட அண்ணன் தம்பிகள், கல்யாணமாகிப் போன ஒரு பெண், அரியலூருக்குக் குடி மாறிய ஒரு குடும்பம் மொத்தமும். ஒருவன் பிறக்கவே இல்லை. பெயர் நன்றாகத் தோன்றியதால் சேர்த்துக்கொண்டேன். நான் நிறைய வாசித்தவன். அவ்வளவு வாசிப்பும் எங்கே போய் விளைந்திருக்கிறது பாருங்கள்.

அந்தப் பதினாறில் ஒருவன் மருதமுத்து. வீரப்பனுக்கும் அங்காயிக்கும் ஒரே பையன். இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது வாந்திபேதியில் போய்விட்டான். அதாகி இரண்டு வருஷம். அவன் பெயரை நான் அடிக்கவில்லை. அடித்தால் எண்ணிக்கை குறையும். அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது நானும் கூடப் போனேன். மறுநாள் காலை பதிவேட்டில் அவனுக்கு வருகை போட்டேன்.

சித்திரையில் எங்கள் கரிசல் காட்டில் ஒரு வேலையும் இருக்காது. அதனால் பள்ளிக்கு விடுமுறை கிடையாது. எங்கள் விடுமுறையெல்லாம் பருத்தி எடுப்புக்கும் வெங்காய அறுப்புக்கும்தான். காலேஜுக்கு நேர்மாறு. அந்தச் சித்திரையில், திருச்சியில் ஒரு காலேஜில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். குலசிங்கம், துரைராசா. லீவுக்குக் கப்பலேறி வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள். வேற்று தேசத்துக் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று கூலி வாங்காமல் வந்திருந்தார்கள். ஊரில் அவர்களுக்குக் ‘கொழும்புத் தம்பிகள்’ என்று பெயர் விழுந்தது.

நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். என் பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு சொன்னதை அப்போதுதான் முதலில் பார்த்தேன். எனக்கும் சௌகரியம். நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்தேன். மூன்றாம் நாள் குலசிங்கம் பதிவேட்டைக் கையில் எடுத்தான்.

“மாஸ்டர், இடாப்பில முப்பத்திநாலு பேர் இருக்கினம். வாறது பதினெட்டுப் பேர். மிச்சப் பிள்ளையள் எங்கை?”

“ஆடு மேய்க்கப் போயிருப்பாங்க தம்பி.”

“அப்ப நாங்கள் வீடு வீடாய்ப் போய்க் கூட்டிக்கொண்டு வாறம்.”

இந்த வெயிலில் எந்தச் சேவை எண்ணமும் இரண்டு தெருவுக்கு மேல் தாங்காது என்று நினைத்தேன். அங்காயி வீடு முதல் தெருவில் இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் போனேன். என் மனைவி சோற்றைப் போடாமல் நின்றாள்.

“ஏங்க, அந்தக் கொழும்புத் தம்பி அங்காயி வூட்டு வாசல்ல நின்னு, மருதமுத்து போன மாசம் பூரா பள்ளிக்கொடம் வந்தானே, இப்ப ஏன் வரலன்னு கேட்டுச்சாம். நீங்க இன்னும் அந்தப் பேர அடிக்கலியா?”

“அடிக்கணும்னுதான் இருந்தேன்.”

“ரண்டு வருசமாவா?”

“அவ என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்லுவா? வியாழக்கெழம இன்ஸ்பெக்டரு வாராருல்ல, அவரு முன்னாடியே வந்து வாத்தியாரக் கேக்குறேன்னுட்டா.”

அங்காயி பேசினால் அங்கீகாரம் போகும், வேலை போகும், ஒருவேளை நானும் உள்ளே போவேன். அவள் இரண்டாம் தடவை பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் கிளம்பினேன். குன்னம் வரை நடை, அங்கிருந்து பெரம்பலூர் வரை கரியில் ஓடும் பஸ், அதற்கப்பால் வண்டியும் நடையும். மலையேறிச் சன்னிதியில் நின்றேன். கரும்பு ஏந்தி நிற்கும் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டேன். “முருகா, அந்தப் பெண்பிள்ளை வாயைக் கட்டு. இன்ஸ்பெக்டர் வந்து போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச விடாதே” என்று கேட்டேன். இவ்வளவு உருக்கமாக நான் அதற்கு முன்னால் எதற்கும் வேண்டியதில்லை.

வியாழக்கிழமை வந்தது. பக்கத்து ஊர் வாத்தியாருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அவர் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் என் பிள்ளைகள் அங்கே போவார்கள். என் பள்ளிக்கு வந்தால் அவர் பிள்ளைகள் இங்கே வருவார்கள். அன்று முப்பத்துநான்கு தலையும் இருந்தது. குலசிங்கமும் துரைராசாவும் சுவரோரம் நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் பெயர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அங்காயி வாசலில் வந்து நின்றாள்.

“மருதமுத்து.”

இரவல் வந்த பையன் ஒருவன் எழுந்தான். “உள்ளேன் ஐயா.”

அவள் அந்தப் பையனைப் பார்த்தாள். அவனுக்கும் ஏழெட்டு வயதுதான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். அப்போதும் வரவில்லை.

“யாரம்மா நீ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் முந்திக்கொண்டேன். “புள்ளையப் பாக்க வந்திருக்காங்க சார்.”

அவர் சந்தோஷப்பட்டார். பெற்றோர் ஆர்வம் மெச்சத்தக்கது என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் வீட்டில் சூடம் கொளுத்தினேன். என் பிரார்த்தனை பலித்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அங்காயிக்குப் பேச்சு திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டு வாரம் கழித்தும் இல்லை. தண்ணீர் எடுக்க வருவாள், தண்ணீர் எடுப்பாள், போவாள். யாராவது ஏதாவது கேட்டால் பார்ப்பாள். சாப்பாடும் குறைந்துபோயிற்று. வீரப்பன் குன்னத்து வைத்தியரிடம் கூட்டிப்போனான். வைத்தியர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்.

ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்தது. செத்த பையனைக் கொழும்புத் தம்பி தேடி வந்தான் என்றால் அவன் கண்ணுக்குப் பையன் தெரிந்திருக்க வேண்டும். அதாவது பையன் பேயாக அலைகிறான். கடல் கடந்து வந்தவன் அதைக் கிளப்பிவிட்டான். தாயைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரியை அழைத்துச் சாட்டையால் அடித்து ஓட்டுவது, அதற்குள் அந்த இரண்டு பேரையும் ஊரைவிட்டு அனுப்புவது. இதைச் சொல்ல என்னிடமே வந்தார்கள். நான் தலையாட்டினேன்.

அன்று பள்ளி விட்ட பிறகு குலசிங்கம் வந்தான். நான் பதிவேட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“மாஸ்டர், நாங்கள் வாற வெள்ளிக்கிழமை போறம். அந்த அம்மாவிட்டை நான் மன்னிப்புக் கேக்கோணும். எனக்கு இடாப்பு வாசிக்கத் தெரியேல்லைப் போல. வேற ஆற்றையோ பேரைப் பிழையாப் பாத்திட்டன்.”

அவன் பிழையாகப் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றுவதற்காக இருபது வயதுப் பிள்ளை தன்னை எழுத்தறியாதவனாக்கிக்கொண்டு நின்றான். “ஆமா தம்பி, அப்பிடித்தான் இருக்கும்” என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகக் கேவலமான வாக்கியம் அது.

அவன் போன பிறகு அந்த நாற்காலியில் இருக்க முடியவில்லை. புதன்கிழமை மறுபடி செட்டிகுளம். மறுபடி அதே படிகள். இந்தத் தடவை கண்ணீர் வரவில்லை, வார்த்தையும் சரியாக வரவில்லை. “கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள். அவள் பேசட்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும்” என்று மட்டும் சொன்னேன். சன்னிதியில் ஒன்றும் நடக்கவில்லை. அர்ச்சகர் விபூதி கொடுத்தார், நகரச் சொன்னார். இறங்கி வரும்போது பாதி மலையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வாயைக் கட்டியது முருகனா? பெயர் எழுதியவன் நான். பையனை இரவல் வாங்கியவன் நான். பதில் சொல்ல முந்திக்கொண்டவனும் நான். முடிச்சைப் போட்டவனையே அவிழ்க்கச் சொல்கிறான் முருகன் என்று அங்கே எனக்குப் புரிந்தது. அதுவரை கடவுளைப் பற்றி நான் வாசித்திருந்ததெல்லாம் அந்தப் படியில் உதிர்ந்து போயிற்று. எழுந்து நடக்கப் போதுமான பலம் எங்கிருந்தோ வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அங்காயி வீட்டு வாசலில் கூட்டம். பூசாரி சாட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். அவளை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கொழும்புத் தம்பிகள் பெட்டியோடு தெருமுனையில் நின்றார்கள். நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“நிறுத்துங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. செத்தவன் பேர அடிக்காம ரெண்டு வருஷமா வருகை போட்டது நான்தான்.”

வீரப்பன் என்னை விளங்காமல் பார்த்தான். “என்னா சொல்றீங்க வாத்தியாரய்யா?”

பதிவேட்டைத் திறந்து அங்காயி முன்னால் தரையில் வைத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மருதமுத்து என்ற பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அந்த வரிசை முழுக்கப் புள்ளி புள்ளியாக அவன் வந்த நாட்கள். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி.

“எத்தனாப்பு?”

“நாலாம் வகுப்பு” என்றேன். வருஷாவருஷம் அவனைத் தேர்ச்சி போட்டிருந்தேன்.

“எல்லா நாளும் வந்தானா?”

“மாசம் ரெண்டு நாள் வரல.”

“ஏன் வரல?”

சந்தேகம் வராமலிருக்க ஓரத்தில் ஒரு காரணம் எழுதுவது என் வழக்கம். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்லத்தான் வந்திருந்தேன்.

“காய்ச்சல்னு எழுதியிருக்கேன்.”

அவள் எழுந்தாள். “செத்தப்பறமும் எம்புள்ளைக்குக் காய்ச்சக் குடுத்தியாடா? மாசாமாசம் குடுத்தியாடா? நீயெல்லாம் ஒரு வாத்தியா? ஒன் வூட்டுல வெளக்கெரியுமாடா?”

அதன் பிறகு சொன்னவற்றை இந்தப் பத்திரிகை தாங்காது. வாத்தியாரைத் திட்டுகிறாளே என்று ஊரே திகைத்து நின்றது. பூசாரி சாட்டையைச் சுருட்டிக்கொண்டார். நான் கைகட்டி நின்று ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்டேன். திட்டிக்கொண்டே இருந்தவள் நடுவில் அழ ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால்கூட அவள் அப்படி அழுததில்லை என்று வீரப்பன் பிறகு சொன்னான். அழுது முடித்து, “கோடு போடு” என்றாள். என் பேனா எழுதவில்லை. குலசிங்கம் வந்து தன் பேனாவைத் திறந்து நீட்டினான். அவள் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெயரின்மேல் கோடு போட்டேன். குலசிங்கத்திடம் கூட்டத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை மாஸ்டர்” என்றான். லீவு முடியும் வரை இருவரும் ஊரிலேயே இருந்தார்கள்.

மீதி பதினைந்து பெயரையும் அன்றே அடித்தேன். இன்ஸ்பெக்டருக்கு நானே கடிதம் எழுதினேன். அங்கீகாரம் போயிற்று. ஜெயிலுக்கு அனுப்பவில்லை. இப்போது அதே கூரையின் கீழ் ஊர் கொடுக்கும் கம்பு சோளத்துக்குப் பாடம் சொல்கிறேன். பத்திரிகை படிப்பதில்லை. படிக்க நேரமில்லை. இருபத்தொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். “இப்பதான் நீங்க பள்ளிக்கொடத்துக்குப் போறீங்க” என்கிறாள் என் மனைவி. அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அன்பர்களே, நான் கேட்டது இரண்டு. முதலாவது பலித்ததை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது. இரண்டாவதை முருகன் என் கையாலேயே செய்ய வைத்தான். உங்களில் யாராவது கேட்கக் கூடாததைக் கேட்டு, அது கிடைத்துத் தொலைத்து, வெட்கத்தில் மலைப்பக்கம் போகாமல் இருந்தால், போங்கள். முதல் தடவை எப்படி நின்றானோ அப்படியேதான் நிற்கிறான். முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்தேன்.

காலையில் காட்டுக்குப் போகும்போது அங்காயி பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்க, தெருவும் கேட்க, ஒரே சத்தமாகக் கூப்பிடுவாள்.

“என்னா வாத்தியாரே, இன்னைக்கு எத்தன பேரு? நெசமா வந்ததுகள மட்டும் சொல்லு!”

பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குக் காது மடல் சுடும். நான் எழுந்து நின்று எண்ணிச் சொல்வேன். ஊரிலேயே உரத்த குரல் அவளுடையது. அது ஒரு நாளும் குறையக் கூடாது என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன்.