விசில் எடுத்த பாடம்

அவளுக்கு விசில் என்று பேர் வைத்தவர்கள் ஆறாம் வகுப்புத் தோழிகள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும். பதினொன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் யார் மேலும் மதிப்பில்லாமல் போயிருந்தது அவளுக்கு. ஜன்னலைச் சாத்திவிட்டு சிகரெட் பற்றவைக்கும் அப்பா, "வெளிய சொல்லிடாதடி" என்று இன்ஹேலரைத் துணிக்குள் சுருட்டி வைக்கும் அம்மா, மூச்சு வாங்கினால் "நடிக்காத, ஓடு" என்னும் விளையாட்டு ஆசிரியர், எல்லோரும் அவளுக்கு ஒரே கணக்குத்தான்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அதே நோயுள்ள மூத்த மாணவர்களே பாடம் எடுக்கும் திட்டம் பள்ளிக்கு வந்தது. பாடம் எடுக்க அவளையும் பிடித்துப் போட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் பலூனை ஊதிப் பாட்டுப் பாடினார். இன்ஹேலரைக் கொசுமருந்து மாதிரி காற்றில் அடித்துக் காட்டினார்.

"சிரிச்ச முகமா சொல்லிக் கொடுக்கணும்மா" என்றார்.

ஒரு தரம்கூட மூச்சுக்குத் தவித்திராத முகம் என்று விசில் பார்த்தவுடனே கண்டுகொண்டாள்.

அறிவியல் கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பாட்டெல்லாம் பாடவில்லை.

"மருந்தை யாரெல்லாம் ஒழுங்கா எடுக்கிறீங்க?"

ஒரு கையும் எழவில்லை.

"நினைச்சேன். மூச்சு நின்னாலும் பரவாயில்ல, மானம் போகக் கூடாது. அப்படித்தானே?"

பின்வரிசையில் கைப்பந்து அணித் தலைவன் வாயைத் திறந்தான். "அது பழகிட்டா விட முடியாதாம்க்கா. எங்கம்மா சொன்னாங்க."

"சாப்பாடும்தான் பழகிட்டா விட முடியல. உங்கம்மா சமைக்கிறத நிறுத்திட்டாங்களா?"

கூடமே சிரித்தது. அவன் மட்டும் தலையைத் தொங்கப்போட்டான். இனி வரமாட்டான், தொலையட்டும் என்று நினைத்தாள்.

மறுவாரம் வகுப்புக்குப் போகும் வழியில், மாடிப்படியில் அவனைப் பார்த்தாள். மைதானத்திலிருந்து வந்தவன், தோள் இரண்டும் ஏறி இறங்க, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தான். அவன் பையைத் துழாவினாள். உறைகூடப் பிரிக்காத இன்ஹேலர்.

"மண்டு. அழகுக்கா வச்சிருக்க?" பிரித்துக் குலுக்கினாள். "மூச்சை முழுசா வெளிய விடு. இப்ப வாய்ல வச்சு உதட்டை மூடு. நான் அமுக்கும்போது மெல்ல இழு. மெல்லன்னேன், ஜூஸா உறிஞ்சுற? அப்படியே அடக்கி வை."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கொடுத்தாள்.

விளையாட்டு ஆசிரியர் படியேறி வந்தார். "என்ன கூத்து இங்க?"

"நீங்க ஓட விட்ட கூத்துதான் சார்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு நழுவினார். திரும்பி வரவே இல்லை. தோள்கள் அடங்கி, அவனுக்குப் பேச்சு வரும்வரை விசில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவனை மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனாள்.

ஆண்டு முடிவில் பயிற்சி அம்மாள், விசிலுக்கு நாக்கு நீளம் என்று சொல்லி, பதக்கத்தைச் சிரித்த முகக்காரி ஒருத்திக்குக் குத்திவிட்டார். அன்று மாலை பள்ளி வாசலில் அணித் தலைவனின் அம்மா காத்திருந்தாள்.

"என் பையனை மண்டுன்னு சொன்னது நீதானா?"

"ஆமா."

அந்தம்மாள் சண்டைக்கு வரவில்லை. "இப்பல்லாம் நல்லாத் தூங்குறான்மா. அவனுக்கு முடியாம போனா அந்த மருந்தை எப்படிக் கொடுக்கணும்னு எனக்கும் சொல்லிக் கொடு."

பிள்ளைக்கு வாய்த்த அதே களிமண் மண்டை என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே, விசில் புத்தகப் பையை இறக்கி வைத்தாள்.