உஷாராணி போட்ட நெட்

ஒதியம்பட்டில் அந்தத் தெருவே உஷாராணியைக் கஞ்சப் பிசினாறி என்றுதான் சொல்லும். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவளாம். அவள் செய்த குற்றம், வீட்டு வைஃபை பாஸ்வேர்டை யாருக்கும் தராததுதான்.

"இன்னா உஷா, எம்புள்ள படம் பாக்கத்தான கேக்குறான். உன் வூட்டு சோத்தையா கேட்டான்?" என்று எதிர்வீட்டுப் பவுனம்மாள் வாசலில் நின்று கேட்டபோதும் சிரித்துச் சமாளித்தாள்.

கணவன் கலைவேந்தன் கத்தாரில் டிரைவர். வீட்டில் கேமரா வேண்டும் என்றான். பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பது போல இருக்குமாம். ஆள் வைத்து மாட்டினால் செலவு. அவளே வில்லியனூரில் யாரோ கழித்துப்போட்ட ரவுட்டரை வாங்கி, செல்லில் வீடியோ பார்த்துக் கற்று, நெட்டையும் கேமராவையும் மாட்டினாள். அதிலிருந்த பழைய விவரங்களைத் துடைத்தாள். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றினாள். யார் யார் நெட்டில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப்பை அவன் செல்லிலும் போட வைத்தாள்.

"நம்ம ரெண்டு பேர தவிர ஈ, காக்கா உள்ள வர முடியாதுங்க" என்று பெருமையாகச் சொன்னாள். பி.காம். முடித்துவிட்டுக் கல்யாணமான நாளிலிருந்து சட்டி கழுவியவளுக்கு அந்தப் பெருமை வேண்டியிருந்தது, பாவம்.

அந்தத் தைரியத்தில்தான் புதுச்சேரி ஆடிட்டர் ஒருவரிடம், வீட்டிலிருந்தே பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைப் பிடித்தாள். பெண்டாட்டி சம்பாதிப்பது கலைவேந்தனுக்கு ஆகாது. ஊருக்கு வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரு பழைய லேப்டாப் வாங்கி, கேமரா பார்க்காத சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வாரமே அவன் வீடியோ காலில் வந்தான்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"அருண் சேவியர். காலைலேர்ந்து நம்ம நெட்டுல இருக்கான்."

உஷாராணி செல்லோடு சமையலறைக்கு ஓடிப் பார்த்தாள். லேப்டாப்பை முன்பு வைத்திருந்தவன் அதற்குத் தன் பெயரையே போட்டிருந்தான். ரவுட்டரைத் துடைத்தவள் லேப்டாப்பைத் துடைக்க மறந்துவிட்டாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இது ஆள் இல்லீங்க, பொட்டி. முன்னாடி வச்சிருந்தவன் பேரு. அவன் மூஞ்சகூட நான் பாத்ததில்ல."

"ஈ, காக்கா வராதுன்னு நீதான சொன்ன?"

அவன் கண்ணெதிரிலேயே லேப்டாப்பின் பெயரை மாற்றினாள். "இப்ப ஆப்புல பாருங்க. என் பேரு வந்துச்சா?"

அவன் பார்த்தான். பிறகு, "பேர மாத்துறது உனக்கு இவ்ளோ லேசா? அப்ப இதுக்கு முன்னாடி எத்தினி பேர மாத்தியிருப்ப?" என்றான்.

ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் பாகூரிலிருந்து கொழுந்தன் அரிகரன் வந்தான். "அண்ணன் சொல்லிட்டாரு அண்ணி, நான் இன்னா பண்றது?" என்றவன், லேப்டாப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்து ரவுட்டருக்குப் புதுப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும், அவளுக்குத் தெரியக்கூடாது. ஆனால் அதை எங்கே போய் மாற்றுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்லிக் குடுடி அவனுக்கு. இல்ல, உங்க அம்மா வூட்டுக்குக் கெளம்பு" என்று கலைவேந்தன் போனில் கத்தினான்.

சொல்லிக்கொடுத்தாள். அவன் செல்லில் எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதைத் தொடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் அரிகரன் தலை குனிந்துகொண்டான்.

"கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோங்க அண்ணி."

உஷாராணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவன் எழுத்தெழுத்தாகத் தட்டினான்.

"சேவ் எங்க அண்ணி இருக்கு?"

திரும்பாமலேயே, "கீழ, சோத்தாங்கைப் பக்கம்" என்றாள்.