பத்து நாள் என்று சொல்லித் தூக்கி வந்த நாய்

அப்போது வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்து வரும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவேன்.

கம்பெனியில் மிஞ்சும் வேஸ்ட் துணியை, படுக்கை போட, நாய்கள் காப்பகத்துக்கு மூட்டையாகக் கொடுப்பார்கள். ஒருநாள் அவரோடு நானும் போனேன். அங்கே ஒரு கிழட்டுப் பெட்டை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது. கிட்னி இரண்டும் போய்விட்டது, பத்து நாள் தாண்டாது, கடைசியில் ஒரு வீட்டில் கிடந்து போகட்டுமே, வைத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். பத்து நாள்தானே என்று தூக்கி வந்துவிட்டேன்.

மாடியில் இருந்த வீட்டு ஓனரம்மாவுக்கு நாய், பூனை ஆகாது. "சாகக் கெடக்குக்கா, பத்தே நாளு" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"செரி அம்மிணி, பாவம், இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார்.

ஐயோ, அது சாகவில்லை! கஞ்சியும் தயிர்ச்சோறும் உள்ளே போகப் போக எழுந்து உட்கார்ந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போனால் தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்தது. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். வீட்டுச் சோறு சில சமயம் இப்படிச் செய்யும், ஆனால் நோய் போகவில்லை என்றார்.

தினமும் காலையில் ஓனரம்மா படியில் நின்றே கேட்பார்: "ஏனம்மிணி, இன்னும் இருக்குதுங்களா?"

"இன்னைக்கோ நாளைக்கோக்கா." அதன் தலைமாட்டில் நின்றுகொண்டே சொல்வேன்.

ஒருநாள் அவர் கீழே இறங்கி வந்தார். இந்தக் கூறுகெட்டது எழுந்து போய், வாலை ஆட்டி, அவர் காலை நக்கியது.

"செத்துப்போயிரும்னுதானுங்க சொன்னீங்க? அடுத்த மாசம் பேத்திக்குச் சீருங்க, சொந்தபந்தமெல்லாம் வருவாங்க. அதுக்குள்ள நாய் போகோணும். இல்லீன்னா நீங்க ஊட்டைக் காலி பண்ணிக்கோணுங்க."

"மன்னிச்சிருங்கக்கா, பொழச்சிக்கிட்டு" என்றேன். ஒரு ஜீவன் பிழைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

வேறு வீடு தேடினோம். நாய் என்றதும் கதவைச் சாத்தினார்கள். காப்பகத்தில் திரும்ப விடலாம் என்றால், கூண்டுக்குள் போனால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளுமே என்று மனசு கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து, வெள்ளைப் பனியனில் நாய்முடி ஒட்டியிருக்கிறது என்று கம்பெனியிலிருந்து ஒரு பண்டல் திரும்பி வந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். நாயின் எதிரே உட்கார்ந்து கத்தினேன்.

"ஏ மூதி, ஒனக்கு எப்பம்தான் சாவு வரும்? எங்களத் தெருவுல நிறுத்திட்டுத்தான் போவியா?"

அது வாலை ஆட்டியது. திட்டினாலும் கொஞ்சினாலும் என் குரல் கேட்டால் அதற்குச் சந்தோஷம்.

மறுநாள் கஞ்சியை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்தது. அடுத்த நாள் தண்ணீரும் வேண்டாம் என்றது. டாக்டரம்மா வந்து பார்த்தார். இது வரவேண்டியதுதான், நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள் என்றார். என் காதில் எதுவும் ஏறவில்லை. மத்தியானம் கத்தரியும் கையுமாக நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நின்றது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசை என்ன செய்வது? அதற்குப் பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

பின்னாலிருந்த காலி இடத்தில் புதைத்துவிட்டு வந்தோம். ஓனரம்மா ஒரு போசியில் சோறு கொண்டுவந்து வைத்தார். என் முதுகைத் தடவிக் கொடுத்தார். உண்மையான பரிவோடுதான் சொன்னார்:

"அழுவாதீங்கம்மிணி. நீங்க சொன்ன சொல்லுத் தவறாதவிங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."